அந்தரங்க டாய்ஸ் வாங்கறது, கழுவறது, பத்திரமா வைக்கறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

18 வயசு தாண்டினவங்களுக்கு மட்டும். வைப்ரேட்டர், டில்டோ, ப்ளக், ஆம்பளைங்க யூஸ் பண்ற ஸ்லீவ், ரிங் எல்லாத்தையும் சேத்து "டாய்"னே சொல்லிடறேன், ஒவ்வொண்ணா பேர் சொல்லிக்கிட்டு இருந்தா முடியாது. எது பிடிக்கும் எது பிடிக்காதுங்கறது அவங்கவங்க விஷயம், அதுல நான் தலையிடல. உடம்புக்கு கெடுதல் வராம பாத்துக்கறது பத்தி மட்டும்தான் இங்க.

இத வீட்ல வச்சிருந்தா போலீஸ் கேஸ் ஆகுமா?

சொந்தமா வச்சு யூஸ் பண்றத குற்றம்னு சொல்ற சட்டம் இந்தியால கிடையாது. சிக்கல் எல்லாம் விக்கறவங்களுக்கும் வெளிநாட்டுல இருந்து இறக்கறவங்களுக்கும்தான். ஆபாசமான பொருள விக்கறது, காட்சிக்கு வைக்கறது, இறக்குமதி பண்றது எல்லாம் பழைய ஐபிசி 292ல இருந்துச்சு, 2024 ஜூலை 1ல இருந்து அதே சமாச்சாரம் ஐபிசிக்கு பதிலா வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 294க்கு போயிடுச்சு. எது ஆபாசம்னு தெளிவா ஒரு லிஸ்ட் இல்லாததால ஆபீசருக்கு ஆபீசர் மாறும். 1964ல வந்த ஒரு நோட்டிஃபிகேஷன கையில வச்சுக்கிட்டு கஸ்டம்ஸ் ஒரு கம்பெனியோட பாடி மசாஜர் சரக்க பிடிச்சு வச்சு, இத செக்ஸ் டாயாவும் யூஸ் பண்ண முடியுமேன்னு வாதாடி, அந்த கேஸ் பாம்பே ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. 2024 மார்ச்ல கோர்ட், இது அதிகாரியோட கற்பனைதான்னு சொல்லி கஸ்டம்ஸ் பக்கத்த தள்ளிடுச்சு.

இதுல வாங்கற நமக்கு என்ன வந்துச்சுன்னா, நிறைய சைட்ல "மசாஜர்", "வெல்னஸ்"னு வேற பேர்லதான் விக்கறாங்க. எங்க யூஸ் பண்ணப் போறாங்கன்னே வாயத் தொறந்து சொல்லாத பொருளுக்கு, எப்படி யூஸ் பண்ணணும் எப்படி கழுவணும்னு மட்டும் ஒழுங்கா எழுதிக் கொடுப்பாங்களா? மாட்டாங்க. அந்த வேலை மொத்தமும் நம்ம தலையில விழுது.

பாக்ஸ்ல "ஃபார் நாவல்டி யூஸ் ஒன்லி"னு போட்டிருக்கே, அப்படின்னா?

சும்மா வேடிக்கைக்கு வாங்கற பொருள், உடம்புல படற மாதிரி யூஸ் பண்ணினா எங்க பொறுப்பு இல்லன்னு அர்த்தம். கம்பெனி கை கழுவறதுக்கு போடற வரி அது. குழந்தைங்க வாயில வைக்கற பொம்மைக்கு ஐரோப்பால தாலேட் அப்படிங்கற பிளாஸ்டிக்க மெதுவாக்கற கெமிக்கல் 0.1 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2005லயே சட்டம் போட்டாச்சு, அமெரிக்காவுல 2008ல. ஆனா அதவிட மென்மையான இடத்துல படற இந்த டாய்ஸுக்குன்னு ரொம்ப வருஷம் தனியா எதுவுமே இல்ல. 2006ல டென்மார்க் சுற்றுச்சூழல் துறை கடையில விக்கற டாய்ஸ வாங்கி சோதிச்சு, மெதுவான பிளாஸ்டிக் ஐட்டங்கள்ல தாலேட் நிறைய இருக்குன்னு ரிப்போர்ட் போட்டாங்க. சர்வதேச தரம்னு ஒண்ணு, ஐஎஸ்ஓ 3533, வந்ததே 2021லதான். அதுவும் கட்டாயம் கிடையாது, விருப்பம் இருக்கற கம்பெனி பின்பற்றலாம்.

நம்ம ஊர்ல யாரும் செக் பண்றதில்ல. அதனால பாக்ஸ்ல இருக்கற படத்தையோ "10 ஸ்பீட் 7 மோட்"ங்கறதையோ பாக்கறதுக்கு முன்னாடி, இது எதால செஞ்சதுன்னு பாருங்க. அது எழுதலன்னா வாங்காதீங்க, எவ்வளவு டிஸ்கவுண்ட் கொடுத்தாலும் சரி.

சரி, எந்த மெட்டீரியல் நல்லது?

பிரிச்சு பாத்தா ரெண்டே வகைதான். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இல்லாதது ஒண்ணு, ஓட்டை இருக்கறது இன்னொண்ணு. ஓட்டை இருக்கறது மண்பானை தண்ணிய உறிஞ்சற மாதிரி உடம்புல வர்ற ஈரத்தையும் கிருமியையும் உள்ள இழுத்து வச்சுக்கும், நீங்க மேல எவ்வளவு தேச்சாலும் உள்ள இருக்கறது போகாது.

ஓட்டை இல்லாத லிஸ்ட்: பிளாட்டினம் க்யூர் சிலிக்கான், 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், போரோசிலிகேட் கிளாஸ், அப்புறம் ஏபிஎஸ்னு சொல்ற கெட்டி பிளாஸ்டிக். கிளாஸ்னு சொன்னதும் பயப்படுவாங்க, லேப்ல சூடு பண்ற பீக்கர் செய்யற அதே கண்ணாடிதான் போரோசிலிகேட், சாதாரண டம்ளர் கண்ணாடி கிடையாது. ஆனா விரல் வச்சு தடவிப் பாத்து விரிசல், சில்லு எதுவும் இல்லன்னு ஒவ்வொரு தடவையும் உறுதி பண்ணிட்டுதான் யூஸ் பண்ணணும், ஒரு தடவை கீழ விழுந்துச்சுன்னா அத மறந்துடுங்க.

ஓட்டை இருக்கற லிஸ்ட்: டிபிஇ, டிபிஆர் (ரப்பர் மாதிரி மெதுவா இருக்கற பிளாஸ்டிக்), பிவிசி, "ஜெல்லி", "ரியல் ஸ்கின்", "சைபர் ஸ்கின்" அப்படின்னு விதவிதமா பேர் வச்சு விக்கறது எல்லாம். இதுல ஜெல்லியும் மெதுவான பிவிசியும் வேண்டவே வேண்டாம்னு நான் சொல்லுவேன். டிபிஇ அந்த அளவுக்கு மோசமில்ல, பெரும்பாலும் தாலேட் இல்லாமதான் செய்யறாங்க, ஆனா சுத்தமா கழுவ முடியாது, சீக்கிரம் கெட்டுப் போகும். வாங்கினா ஆணுறை போட்டு யூஸ் பண்ணுங்க, ஒரு வருஷத்துக்கு மேல இழுக்காதீங்க.

மரம், கல்லு, பெயின்ட் அடிச்ச மெட்டல் எல்லாம் பாக்க அழகு. கோட்டிங் உரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

400 ரூபாய்க்கு "100% மெடிக்கல் சிலிக்கான்"னு வருதே, நம்பலாமா?

எனக்கு நம்பிக்கை இல்ல. பாக்கெட்ட பிரிச்சதும் மழைக்கோட்டு, புது ஷவர் கர்ட்டன் வாசனை வந்தா அது சிலிக்கான் இல்ல, நல்ல சிலிக்கானுக்கு வாசனையே கிடையாது. தொட்டா எண்ணெய்ப் பிசுக்கா இருந்தாலோ, கொஞ்ச நாள் வச்சிருந்து எடுத்தா வேர்த்த மாதிரி ஈரம் படிஞ்சிருந்தாலோ, கண்ணாடி மாதிரி பளிச்சுனு உள்ள எல்லாம் தெரிஞ்சாலோ சந்தேகப்படுங்க. சிலிக்கான் கொஞ்சம் மங்கலாதான் இருக்கும். தீக்குச்சி கொளுத்தி ஓரத்துல காட்டிப் பாக்கறது ஒண்ணு யூட்யூப்ல சுத்துது, வீட்டுக்குள்ள அந்த வேலை எல்லாம் வேண்டாம், புகையும் நல்லதில்ல, பொருளும் போச்சு.

இன்னொரு தில்லுமுல்லு, மேல ஒரு லேயர் மட்டும் சிலிக்கான், உள்ள வேற ஏதோ. லிஸ்டிங்ல "சிலிக்கான் கோட்டட்", "சிலிக்கான் ஃபீல்", "சிலிக்கான் பிளெண்ட்"னு இருந்தா அது சிலிக்கான் இல்லங்கறத அவங்களே ஒத்துக்கறாங்கன்னு வச்சுக்கோங்க.

முதல் தடவை வாங்கறேன். எதுல ஆரம்பிக்கறது?

சின்னதா, வெளிப்பக்கம் மட்டும் யூஸ் பண்ற மாதிரி, சிலிக்கான்ல, பட்டன் குறைச்சலா ஒண்ணு வாங்குங்க. பெண்கள்ல நிறைய பேருக்கு உள்ள நுழைக்கறதவிட வெளிய கிளிட்டோரிஸ் பக்கம் கிடைக்கற உணர்வுதான் முக்கியம், அதனால படத்துல பெருசா இருக்கறதெல்லாம் நல்லதுன்னு நினைச்சு காச விடாதீங்க. உள்ள யூஸ் பண்றதுன்னா சைஸ கவனிங்க. லிஸ்டிங்ல நீளத்த பெருசா போட்டிருப்பான், ஆனா வலிக்கறதும் வலிக்காததும் தடிமன்லதான் இருக்கு. தடிமன் 4 செ.மீ.னு போட்டிருந்தா அது குறுக்களவு, சுத்தளவு அதோட 3.14 மடங்கு, கிட்டத்தட்ட 12.5 செ.மீ. வரும். தையல் டேப்ப அந்த அளவுக்கு வளைச்சு பாத்துட்டு அப்புறம் ஆர்டர் போடுங்க, பல பேர் அங்கயே மனச மாத்திப்பாங்க.

சத்தம். கூட்டுக் குடும்பத்துல, ஒரே சுவர் தாண்டி மாமியார் தூங்கற வீட்ல இது சின்ன விஷயம் இல்ல. பேட்டரி செல் போடற சின்ன புல்லட் வகைங்க பெரும்பாலும் கொசு மாதிரி கீச்சுனு சத்தம் போடும், சார்ஜ் பண்ற வகைல நல்லதுன்னா கொஞ்சம் அடக்கமா இருக்கும். கட்டில் பலகைல படாம பாத்துக்கோங்க, ஃபேன் ஓடினா பாதி சத்தம் காணாம போயிடும்.

தண்ணில கழுவணும்னா ஐபிஎக்ஸ்7 இருக்கான்னு பாருங்க, 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் தாங்கும்னு அர்த்தம். வெறும் "ஸ்பிளாஷ் ப்ரூஃப்"ன்னா குழாயடில காட்டக் கூடாது.

பின்பக்கம் யூஸ் பண்றதுக்கு ஏதாவது தனி விதி இருக்கா?

இருக்கு, இத மட்டும் ரெண்டு தடவை படிங்க. ஆசனவாய்ல நுழைக்கற எதுக்கும் அடியில அகலமான பேஸ் கண்டிப்பா இருக்கணும், நுழையற பகுதியவிட நல்லாவே அகலமா. பெண்ணுறுப்பு உள்ள கர்ப்பப்பை வாய்ல முடிஞ்சிடும், எதுவும் காணாம போகாது. மலக்குடல் அப்படி இல்ல, மேல பெருங்குடலோட சேந்து போய்க்கிட்டே இருக்கும், வாசல்ல இருக்கற தசை இறுக்கினதும் பொருள் வழுக்கி மேல போயிடும். கயிறு கட்டியிருக்கு, கைல பிடிச்சுக்குவேன், இதெல்லாம் நம்பாதீங்க, லூப் (வழுக்கறதுக்கு தடவற ஜெல்) போட்ட கைல எதுவும் நிக்காது.

ஒருவேளை உள்ள போயிடுச்சுன்னா: முதல்ல பதறாம கொஞ்ச நேரம் உக்காந்து டாய்லெட் போற மாதிரி மெதுவா முயற்சி பண்ணலாம். வரலன்னா விட்டுடுங்க. இடுக்கி, கரண்டி, இன்னொரு பொருள் எதையும் உள்ள விட்டு எடுக்கப் பாக்காதீங்க, பேதி மாத்திரை, எனிமா வேண்டாம். நேரா பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டி. எக்ஸ்ரே எடுத்துட்டு, பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்து வந்த வழியாவே எடுத்துடுவாங்க, வயித்த கிழிக்கற அளவுக்கு போறது லேட்டா வர்றவங்களுக்குதான். வயித்து வலி, ரத்தம், காய்ச்சல் இருந்தா குடல்ல ஓட்டை விழுந்திருக்கலாம், அப்ப ஒரு மணி நேரம் கூட தள்ளிப் போடக் கூடாது. டாக்டர்கிட்ட "வழுக்கி விழுந்தப்போ உள்ள போயிடுச்சு"ன்னு கதை எல்லாம் கட்ட வேண்டாம், அந்தக் கதைய அவங்க கேட்டு சலிச்சிருப்பாங்க. என்ன பொருள், எவ்வளவு நீளம், கண்ணாடியா பிளாஸ்டிக்கா, பேட்டரி ஓடுதா, எப்போ போச்சு, இந்த அஞ்சுதான் அவங்களுக்கு வேணும்.

மரத்துப் போக வைக்கற கிரீம், ஸ்ப்ரே தடவிட்டு யூஸ் பண்ணாதீங்க. வலிதான் நிறுத்துன்னு சொல்ற ஒரே சிக்னல், அத ஆஃப் பண்ணிட்டா கிழியறது கூட தெரியாது. பின்பக்கம் யூஸ் பண்ணினத கழுவாம முன்பக்கம் கொண்டு போகவும் கூடாது, குடல்ல இருக்கற கிருமி சிறுநீர்க்குழாய்க்கு போச்சுன்னா எரிச்சல், இன்ஃபெக்ஷன் எல்லாம் வரிசையா வரும்.

தேங்காய் எண்ணெய் போதாதா? தனியா லூப் வாங்கணுமா?

நம்ம வீட்ல தலைக்கும் அதுதான், புண்ணுக்கும் அதுதான், அதனால இந்தக் கேள்வி வராம இருக்காது. கண்ணாடி, ஸ்டீல், சிலிக்கான் டாயோட தேங்காய் எண்ணெய் யூஸ் பண்ணினா டாய்க்கு ஒண்ணும் ஆகாது. ஆனா லேடெக்ஸ் ஆணுறையோட எந்த எண்ணெயும் ஆகாது, தேங்காய், நல்லெண்ணெய், பேபி ஆயில், வாசலின் எதுவா இருந்தாலும். எண்ணெய் பட்ட ஒரு நிமிஷத்துலயே லேடெக்ஸ் பலம் இழக்க ஆரம்பிக்கறத லேப்ல பாத்திருக்காங்க. டிபிஇ டாயையும் எண்ணெய் ஊற வச்சு கெடுத்துடும். அடிக்கடி ஈஸ்ட் தொற்று, வெள்ளைப்படுதல்னு அவதிப்படறவங்க உள்பக்கம் எண்ணெய தவிர்க்கறது நல்லது, அது கழுவினாலும் சீக்கிரம் போகாது.

எல்லாத்துக்கும் ஒத்து வர்றது தண்ணி பேஸ் லூப்தான். சீக்கிரம் காயும், காஞ்சா ரெண்டு சொட்டு தண்ணி விட்டா மறுபடி வழுக்கும். சிலிக்கான் லூப் ரொம்ப நேரம் நிக்கும், ஆணுறைக்கும் ஓகே, ஆனா சிலிக்கான் டாய் மேல போட்டா சில டாய்ஸோட மேல்பரப்பு பிசுபிசுன்னு ஆயிடும். கண்ணாடி, ஸ்டீல்னா தாராளமா போடலாம்.

தண்ணி பேஸ்லயும் எல்லாம் ஒண்ணு இல்ல. ஆஸ்மோலாலிட்டின்னு ஒரு கணக்கு இருக்கு, லூப்ல கரைஞ்சிருக்கற பொருள் எவ்வளவு அதிகமா இருக்கோ அந்த அளவுக்கு நம்ம தோல் செல்லுல இருந்து தண்ணிய உறிஞ்சி அத சுருங்க வைக்கும். 2012ல உலக சுகாதார நிறுவனம் சொன்னது, 380க்கு கீழ இருந்தா நல்லது, 1200க்கு மேல போகவே கூடாது. பாட்டில்ல இத எழுதறவங்க ரொம்ப கம்மி, அதனால லேபிள்ல முதல் ரெண்டு மூணு பொருள்ல கிளிசரினோ ப்ரொப்பிலீன் கிளைக்காலோ இருந்தா வேற பாருங்க. பெண்ணுறுப்புக்குன்னா பிஹெச் 4.5 சுத்தி இருக்கணும். வார்மிங், கூலிங், ஸ்ட்ராபெர்ரி வாசனை எல்லாம் எரிச்சலுக்கு நாமளே காசு கொடுக்கறது.

எப்படி கழுவறது? டெட்டால் ஊத்தலாமா?

டெட்டால் வேண்டாம். தரை துடைக்க, வெட்டுக்காயத்துக்குன்னு எல்லாத்துக்கும் அத ஊத்தி பழகிட்டோம், ஆனா டாய் மேல கொஞ்சம் தங்கினா கூட உள்ள இருக்கற மென்மையான சதைல எரியும். சானிடைசர், வினிகர், சென்ட் போட்ட வெட் வைப்ஸ், டிஷ் வாஷ் ஜெல் எதுவும் தேவையில்ல.

வாசனை இல்லாத மைல்ட் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணி, கை. இவ்வளவுதான். யூஸ் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை, முடிச்ச உடனே ஒரு தடவை, தூக்கம் வந்துடுச்சுன்னு காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க, காஞ்சு ஒட்டிக்கிட்டா போகறது கஷ்டம். பட்டன் சுத்தி, மூடி திருகற இடம், சிலிக்கானும் பிளாஸ்டிக்கும் சேர்ற கோடு, அங்கதான் அழுக்கு சேரும், மெதுவான டூத் பிரஷ் ஒண்ணு அதுக்குன்னே வச்சுக்கோங்க. சார்ஜ் பின் ஓட்டைல தண்ணி போகாம பாத்துக்கோங்க.

மோட்டார் இல்லாத முழு சிலிக்கான், ஸ்டீல்னா தனி பாத்திரத்துல 5ல இருந்து 10 நிமிஷம் கொதிக்க வைக்கலாம். கண்ணாடின்னா பச்சைத் தண்ணில போட்டு தண்ணியோடவே சூடாக்கணும், ஆறவும் தண்ணியோடவே விடணும். குக்கர் வேண்டாம், விசில் அடிக்கற நேரம் பாத்து யாராவது கிச்சனுக்கு வருவாங்க. மோட்டார் இருக்கறத கொதிக்க வைக்கவே கூடாது, கெட்டி பிளாஸ்டிக்கும் வளைஞ்சிடும்.

போர்வெல் தண்ணி உப்பா இருக்கற வீடுன்னா, சென்னைல பாதி வீடு அப்படித்தான், கழுவி காய வச்சதும் வெள்ளையா படியும். கடைசியா ஒரு டம்ளர் குடிக்கற தண்ணி ஊத்தி அலசிடுங்க. நூல் விடாத துணியால துடைச்சு நல்லா காய விடணும், மொட்டை மாடி கொடில போட முடியாதுன்னு தெரியும், ஃபேன் கீழ அரை மணி நேரம் போதும். ஈரத்தோட பைல போட்டு மூடினா நம்ம ஊரு புழுக்கத்துக்கு பூஞ்சை நிச்சயம்.

ஆம்பளைங்க யூஸ் பண்ற ஸ்லீவ் சீக்கிரம் நாறுதே, ஏன்?

அது கிட்டத்தட்ட எல்லாமே டிபிஇ, அதோட உள்பக்கம் வரிவரியா மடிப்பு, அதுல மிச்சம் தங்கி ஈரத்துல ஊறுது. உடனே வெதுவெதுப்பான தண்ணி நிறைய ஓட விட்டு, முடிஞ்சா உள்ள வெளிய திருப்பி, கழுவுங்க. சோப்பு போட்டா முழுசா அலசணும். அப்புறம் உள்ள ஒரு சுத்தமான துணியோ டிஷ்யூவோ சுருட்டி விட்டு ஈரத்த எடுத்து, ரெண்டு பக்கமும் திறந்த வாக்குல காய வைங்க. பிசுபிசுப்பு போக மேல கொஞ்சம் கார்ன் ஃப்ளார் தூவலாம், முகத்துக்கு போடற டால்கம் பவுடர் வேண்டாம். கறுப்பு புள்ளி, புளிச்ச வாசனை, கிழிசல் வந்தா அது முடிஞ்ச கதை, கழுவி சரி பண்ண முடியாது. 5,000 ரூபாய் கொடுத்து வாங்கினதுன்னாலும்.

ஜோடியா மாத்தி மாத்தி யூஸ் பண்ணலாமா?

ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு போறப்ப புது ஆணுறை, இல்லன்னா நடுவுல முழுசா கழுவணும். கிளமிடியா, ட்ரைக்கோமோனாஸ், ஹெச்பிவி மாதிரி உடலுறவுல பரவற தொற்றுங்க எல்லாம் டாய் வழியாவும் போக வாய்ப்பு இருக்கு. 2014ல அமெரிக்காவுல இண்டியானா பக்கம் 12 பெண்களை வச்சு ஒரு சின்ன ஆய்வு பண்ணினாங்க, க்ளீனர் போட்டு கழுவினதுக்கு அப்புறம் 24 மணி நேரம் கழிச்சும் டிபிஇ வைப்ரேட்டர்ல ஹெச்பிவி அடையாளம் கிடைச்சுது, சிலிக்கான்ல அந்த நேரத்துல கிடைக்கல. 12 பேருங்கறது ரொம்ப கம்மிதான், இருந்தாலும் எனக்கு அந்த முடிவு ஆச்சரியமா இல்ல. செகண்ட் ஹேண்ட் வாங்கறது, ஃப்ரெண்டு கொடுத்தது, இதெல்லாம் பேச்சுக்கே இடமில்ல.

ரிங், பம்ப் போட்டா சைஸ் பெருசாகுமா?

ஆகாது. லாட்ஜ்ல ரூம் போட்டு வைத்தியம் பாக்கறவர் சொன்னாலும் சரி, ராத்திரி டிவில சொன்னாலும் சரி, பம்ப் எடுத்ததும் கொஞ்ச நேரத்துல பழைய அளவுக்கே வந்துடும். விறைப்பு பிரச்சினைக்கு டாக்டருங்க பரிந்துரைக்கற வேக்கம் டிவைஸ்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு, ஆனா அது வேற, அதுல அழுத்தம் அளவுக்கு மீறாம நிறுத்தற வசதி இருக்கும். யூராலஜிஸ்ட்ட பாத்துட்டு வாங்குங்க, ஏன்னா சுகர், பிபி, இதயக் குழாய் அடைப்பு இதெல்லாம் சில பேருக்கு முதல்ல விறைப்பு குறையறதுலதான் தெரிய வரும்.

ரிங்ன்னா இழுத்தா விரியற சிலிக்கான் மட்டும். 20 நிமிஷம், அதிகபட்சம் 30. வலி, நீலநிறம், சில்லுனு ஆனா உடனே கழட்டுங்க. மெட்டல் ரிங் மாட்டிக்கிட்டா வீங்கி, வெட்டற மெஷின் கொண்டு வந்துதான் எடுக்கணும். குடிச்சிட்டு மாட்டிக்கிட்டு தூங்கிடாதீங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, சுகர்னால உணர்ச்சி குறைஞ்சவங்க ரிங் பக்கமே போக வேண்டாம். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல இறங்கலன்னா அது எமர்ஜென்சி.

வைப்ரேட்டர் யூஸ் பண்ணினா நிரந்தரமா மரத்துப் போயிடுமாமே?

இல்ல. ஒரே இடத்துல ஃபுல் ஸ்பீட்ல ரொம்ப நேரம் வச்சா கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்துல சரியாயிடும். 2009ல அமெரிக்காவுல 2,056 பெண்கள்கிட்ட எடுத்த சர்வேல, வைப்ரேட்டர் யூஸ் பண்ணினவங்கள்ல 71.5 சதவீதம் பேர் எந்த பக்க விளைவும் வந்ததே இல்லன்னு சொன்னாங்க. ஒரே மாதிரி பழகிட்டா வேற விதத்துல கஷ்டமா இருக்குன்னு சிலர் சொல்றது உண்மை, ஸ்பீட குறைங்க, இடத்த மாத்துங்க, நடுவுல கொஞ்ச நாள் விட்டுப் பாருங்க.

கல்யாணம் ஆகல. கன்னித்திரை கிழிஞ்சு அப்புறம் தெரிஞ்சிடுமா?

அத வச்சு யாராலயும் எதையும் சொல்ல முடியாது, டாக்டராலயும். சிலருக்கு பிறக்கும்போதே ரொம்ப மெல்லிசா இருக்கும், சிலருக்கு குழந்தை பெத்த பிறகும் கொஞ்சம் இருக்கும். அப்படி சோதிக்கறதே அர்த்தமில்லாதது, நிறுத்தணும்னு 2018ல உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் சேந்து சொல்லிட்டாங்க.

கல்யாணமாகி மாசக்கணக்காச்சு, உள்ள எதுவுமே போக மாட்டேங்குது, வலி உயிர் போகுது. டாய் வாங்கி பழகலாமா?

வஜைனிஸ்மஸா இருக்கலாம், தசை தன்னால இறுகிக்கறது. இது நம்ம ஊர்ல அரிதான விஷயம் இல்ல, வெளிய யாரும் சொல்றதில்ல அவ்வளவுதான், "பொண்ணு ஒத்துழைக்க மாட்டேங்கறா"ன்னு பஞ்சாயத்து வரைக்கும் போகும். இதுக்கு டைலேட்டர்னு சைஸ் வாரியா வர்ற செட் இருக்கு, சுண்டு விரல் அளவுல ஆரம்பிச்சு வாரக்கணக்குல மெதுவா மேல போகணும். ஆனா நீங்களா வாங்கி வலிய பொறுத்துக்கிட்டு தள்ளினா இறுக்கம் ஜாஸ்திதான் ஆகும். கைனகாலஜிஸ்ட்கிட்ட காட்டி வேற காரணம் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு, முடிஞ்சா பெல்விக் ஃப்ளோர், அதாவது இடுப்புக்கு அடியில இருக்கற தசைய பாக்கற பிசியோதெரபிஸ்ட்டோட சேந்து பண்ணுங்க. மாதவிடாய் நின்னதுக்கு அப்புறம் வர்ற வறட்சி வலி வேற, அதுக்கு லூப் நிறைய, தேவைன்னா டாக்டர் எழுதிக் கொடுக்கற ஈஸ்ட்ரோஜன் கிரீம்.

கர்ப்பமா இருக்கும்போது?

சிக்கல் இல்லாத கர்ப்பம்னா பொதுவா பிரச்சினை இல்ல. ரத்தம் பட்டா, நஞ்சுக்கொடி கீழ இறங்கியிருக்குன்னு ஸ்கேன்ல சொன்னா, பனிக்குடத் தண்ணி கசிஞ்சா, கர்ப்பப்பை வாய்ல தையல் போட்டிருந்தா உள்ள எதுவும் கூடாது. பிரசவம் ஆன பிறகு தையல் ஆறி, டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும், பொதுவா ஆறு வாரம், காத்திருங்க.

பேஸ்மேக்கர் வச்சிருக்கேன், யூஸ் பண்ணலாமா?

நிறைய டாய்ஸ்ல சார்ஜர் காந்தத்துல ஒட்டற வகை. அந்தக் காந்தத்த நெஞ்சுல இருந்து குறைஞ்சது 15 செ.மீ. தள்ளி வைங்க. கரண்ட் பாய்ச்சற ஈ-ஸ்டிம் வகை வேண்டவே வேண்டாம்.

கேரட், வெள்ளரிக்கா, பாட்டில்?

உள்ள உடையும், பூச்சிமருந்து இருக்கும், பாட்டில் உள்ள காத்து இழுத்து பிடிச்சுக்கும், பின்பக்கத்துக்குன்னா பேஸ் இல்ல. வாங்க வசதியில்லாதவங்களுக்கு கை இருக்கு, அத சோப்பு போட்டு கழுவி நகத்த வெட்டினா போதும்.

யோனி எக்னு பெண்ணுறுப்புக்குள்ள வைக்கற கல்லு முட்டை விக்கறாங்களே?

ஜேட் கல்லுல ஓட்டை இருக்கும், சுத்தம் பண்ண முடியாது. பழங்கால சீன ராணிகள் யூஸ் பண்ணினதுன்னு சொன்னாங்க, 2019ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் மியூசியங்கள்ல இருக்கற 5,000க்கும் மேற்பட்ட ஜேட் பொருள்களோட பதிவுகள புரட்டிப் பாத்து ஒரு முட்டை கூட கிடைக்கலன்னு எழுதினாங்க. ஹார்மோன சரி பண்ணும்னு இத வித்த கூப் கம்பெனி 2018ல கலிஃபோர்னியால 1,45,000 டாலர் கட்டி வழக்க முடிச்சுக்கிட்டாங்க.

ஆப்ல கனெக்ட் பண்றது வாங்கலாமா?

வெளிநாட்டுல ஒருத்தர் ஊர்ல ஒருத்தர்னு இருக்கற ஜோடிங்க கேக்கறாங்க, புரியுது. ஆனா வீ-வைப் கம்பெனியோட ஆப், யூஸ் பண்றவங்களுக்கு தெரியாம எவ்வளவு ஸ்பீடு, எவ்வளவு சூடுன்னு தகவல் அனுப்பிக்கிட்டு இருந்தது வெளிய வந்து, 2017ல காசு கொடுத்து வழக்க முடிச்சாங்க. 2020ல ஆம்பளைங்களுக்கான பூட்டு மாதிரி ஒரு டாய், செல்மேட்னு பேரு, அத யார் வேணா இன்டர்நெட்ல இருந்து பூட்ட முடியும்னு கண்டுபிடிச்சாங்க, சாவியும் கிடையாது. அப்புறம் ஹேக்கருங்க நிஜமாவே பூட்டிட்டு காசு கேட்டாங்க. வாங்கினா தனி இமெயில் ஐடி, காண்டாக்ட்ஸ் கேலரி பர்மிஷன் எதுவும் கொடுக்காம, முடிஞ்சதும் ப்ளூடூத் ஆஃப்.

எங்க வைக்கறது? ட்ராவல்ல?

ஒவ்வொண்ணுக்கும் தனி காட்டன் பை. டிபிஇயும் ஜெல்லியும் பக்கத்துல இருக்கற சிலிக்கான ஒட்டி உருக்கி வைக்கும். வெயில் படாத பீரோ லாக்கர், குழந்தைங்க கைக்கு எட்டாம, முக்கியமா பட்டன் செல் போடற வகை, குழந்தை முழுங்கினா தொண்டைய அரிச்சிடும். ரொம்ப நாள் யூஸ் பண்ணலன்னா செல்ல கழட்டிடுங்க. ஃபோனோட ஃபாஸ்ட் சார்ஜர்ல போடாம சாதாரண 5 வோல்ட் அடாப்டர்ல போடுங்க, தூங்கும்போது சார்ஜ்ல விடாதீங்க.

ஃபிளைட்ல தனி லித்தியம் பேட்டரி செக்-இன் பெட்டில போகக் கூடாது, கேபின் பைலதான். ட்ராவல் லாக் இருந்தா போடுங்க, பெட்டி நடுவுல கிர்ருனு ஆரம்பிச்சா ஏர்போர்ட்ல எல்லார் முன்னாடியும் திறக்கச் சொல்லுவாங்க. சவுதி, துபாய் போறவங்க கொண்டு போகவே வேண்டாம், அங்க கஸ்டம்ஸ்ல பிடிச்சா நிஜமாவே சிக்கல்.

எப்போ தூக்கிப் போடணும், எங்க போடறது?

விரிசல், வெட்டு, பிசுபிசுப்பு, கழுவியும் போகாத வாசனை, நிறம் மாறினது, சார்ஜ் பண்ணும்போது கை சுடற அளவு சூடு, உப்பின பேட்டரி, இதுல ஒண்ணு வந்தாலும் போதும். மோட்டார் இல்லாதத பேப்பர்ல சுத்தி சாதாரண குப்பைல போடலாம். சார்ஜ் பண்றத போடக் கூடாது, லித்தியம் நசுங்கினா குப்பை வண்டிலயே தீப்பிடிக்கும், இ-வேஸ்ட் வாங்கற இடத்துல கொடுக்கணும். வெக்கமா இருந்தா மேல இருக்கற சிலிக்கான் உறைய கத்தரில வெட்டி எடுத்துடுங்க, பேட்டரிய மட்டும் குத்தாம, நெம்பாம விட்டுடுங்க. மிச்சம் இருக்கறது பழைய சார்ஜர், ரிமோட்டோட ஒரே கவர்ல கலந்துடுச்சுன்னா அது என்னன்னு யாருக்கும் தெரியாது.